புதுமுக மாணவிக்குக் கைகொடுப்போம்

 

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, இசட் புள்ளியும் கைகூடிப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் வீட்டில் அன்று பெருநாள்தான். ஆனால் கொச்சிக்கடையில் வளர்ந்த பிள்ளை பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ புறப்படும்போது உம்மாவின் நெஞ்சில் ஒரு பயமும் ஏறிக்கொள்கிறது. அதுதான் பகிடிவதை.

முன்பு இந்தத் தொல்லை பல்கலைக்கழக வாசலில் தொடங்கியது. இப்போது வட்ஸ்அப் வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. 2020ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடப் புதுமுக மாணவிகளுக்குத் தொலைபேசி மூலம் தொல்லை கொடுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

உடனே மகளின் தொலைபேசியைப் பறித்துவைக்கத் தோன்றும். அது தீர்வல்ல. பதிவு, விடுதி, மஹாபொல உதவிப்பணம், பாட நேரம் பற்றிய செய்திகளும் அதிலேதான் வருகின்றன. பறித்துவிட்டால், அடுத்த தொல்லையைப் பிள்ளை உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளுக்குச் சகோதரர்களாக்கி வைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வந்தவருக்கு இடம் கொடுப்பதே முன்னவர் கடமை. உங்கள் வீட்டில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகள் இருக்கிறாளா? புதியவர்களுக்காக ஒரு வட்ஸ்அப் குழு அமைக்கச் சொல்லுங்கள். என்ன பத்திரங்கள் தேவை, எந்த பஸ்ஸில் வருவது, ஹலாலான சாப்பாடு எங்கே கிடைக்கும், தொழுவதற்கு இடம் எங்கே, ஆங்கில வகுப்புக்கு எப்படித் தயாராவது என்று அவள் சொல்லும் நாலு வார்த்தை, பயந்திருக்கும் பிள்ளைக்குப் பெரிய தைரியம். மாணவிகள் குழுவை மாணவிகளே நடத்தட்டும். எல்லோரும் பார்க்கும் முகநூல் பக்கத்தில் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தையும் படத்தையும் போடவேண்டாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாணவருக்கு மனவேதனையோ அச்சமோ உண்டாக்கும் செயலும் பகிடிவதையே. அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தாலும் குற்றம்தான். 2 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். ஆகவே மோசமான செய்தி வந்தால் வெட்கப்பட்டு அழிக்கவேண்டாம். திகதியும் அனுப்பியவரின் இலக்கமும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அதுவே சாட்சி. பல்கலைக்கழக நிர்வாகத்திடமும், மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

சகோதரிகளே! இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் மகளைப் பக்கத்தில் இருத்தி, "மகள், போனில் யாரும் தொந்தரவு செய்கிறார்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.