தேசாதிபதியின் பெருமையும் தெருவின் கதையும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிவரும் பெருந்தெருவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், உடனே ஒரு பெயர் பயபக்தியோடு உச்சரிக்கப்படுகிறது. அது தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸின் பெயர். கடுகண்ணாவைக் கணவாயைக் கடக்கும் உல்லாசப் பிரயாணிக்கும் சரி, பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் சரி, நாம் சொல்லிக்கொடுப்பது ஒன்றே: “தெரு அமைத்த தேசாதிபதி.” இந்தப் புகழ்மாலையை இனியும் சூட்டிக்கொண்டிருக்க நாம் உடன்படுவதற்கில்லை.

பார்ன்ஸ் 1776இல் பிறந்தவர். 1815இல் வாட்டர்லூ போரில் காயமுற்ற படைத்தளபதி. 1820 முதல் 1822 வரை இலங்கையின் பதில் ஆட்சியாளராகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இருந்தார். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. 1817-18இல் மலைநாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இன்னொரு கிளர்ச்சி மூண்டால் படை விரைந்து வரவேண்டும். தெருவின் முதல் நோக்கம் அதுவே.

அதை அமைத்த கைகள் யாருடையவை? கண்டி மன்னர் காலத்தில் காணிக்கு ஈடாகச் செய்யப்பட்ட இராஜகாரிய ஊழியத்தை, கூலியற்ற கட்டாய வேலையாக்கி, கிராமத்து மக்களைக் கல்லுடைக்கவும் காடு வெட்டவும் ஏவினர். அம்முறையைக் கைவிடப் பார்ன்ஸ் விரும்பவில்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்மேல் 1832இல் அது ஒழிக்கப்பட்டபோது அவர் இங்கிருந்து போய்விட்டார்.

இரண்டாவது நோக்கம் கோப்பி. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தேசாதிபதி தாமே கோப்பித் தோட்டம் திறந்தார். கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையை நீக்கியவரும், கோப்பி நிலத்துக்கு வரிவிலக்கு அளித்தவரும், கோப்பித் தோட்டத்தில் உழைப்போருக்கு இராஜகாரியத்திலிருந்து விலக்கு அளித்தவரும் அவரே. சட்டம் செய்பவரும் இலாபம் பெறுபவரும் ஒருவரேயானால், அதற்கு நல்லாட்சி என்றா பெயர்? தெருவுக்கு ஆள் வேண்டுமெனில் கட்டாயம். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமெனில் விலக்கு!

“தெரு வந்ததால் அன்றோ நாடு முன்னேறியது?” என்று கேட்பார்கள். தெருவின் பயனை நாம் மறுக்கவில்லை. அதன் பெருமை எவருக்குரியது என்பதே வினா. கண்டிக் குடியானவர் தோட்டக் கூலிக்குப் பெரும்பாலும் வராதபோது, தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். தேசாதிபதிக்குத் தெரு, தொழிலாளிக்குக் காட்டுவழி!

அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநர், நல்லவரோ கெட்டவரோ, வாக்காளர் முன் நின்றாக வேண்டும். பார்ன்ஸ் இலண்டனுக்கு மட்டுமே பதில் சொன்னார். அதே பார்ன்ஸ் 1837இல் இங்கிலாந்தில் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டு மறைந்தார். இங்கோ அவர் போய் நூறாண்டு கழிந்து, 1931இல்தான் சர்வசன வாக்குரிமை கிட்டியது. தோட்டத் தொழிலாளருக்கு அப்போதும் அது நிபந்தனைகளோடு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத்திருத்தமும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரிடமிருந்து அதையும் பறித்தன. பறித்தவர் வெள்ளைத் தேசாதிபதியல்லர்; மக்கள் வாக்கால் வந்த நம் நாட்டு ஆட்சியாளரே. 1964இன் ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்கெழுதியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிசெய்யும் சட்டம் வர 2003 ஆயிற்று.

ஆதலால் ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, ஆட்சியாளன் ஒருவனின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவன் கட்டியவற்றை மட்டும் எண்ணுவது போதாது. எவருடைய உழைப்பால் கட்டினான், எவருக்காகச் சட்டம் செய்தான், எவருக்குப் பதில் சொன்னான் என்ற மூன்று வினாக்களையும் வகுப்பறையில் எழுப்புவோம். பார்ன்ஸுக்குக் கொழும்புக் கோட்டையில் சிலை உண்டு. கல்லுடைத்த கிராமத்தானுக்கும் காட்டுவழியில் விழுந்த தொழிலாளிக்கும் நம் சரித்திர பாடத்தில் ஒரு பக்கமேனும் உண்டா? அந்தப் பக்கத்தை எழுதுவிப்பது நம் கடமை.