அம்மோனியாவை வெல்ல வெயில் மட்டும் போதாது

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லங்காட் ஆற்றில் அம்மோனியா கூடியதால் செராஸ் பத்து 11 நீர் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. அப்போது வறட்சி, ஆற்றில் நீர் குறைவு. கலந்த கழிவை நீர்க்கச் செய்ய ஆற்றால் முடியவில்லை. அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். பிறகு கிருமிகளைக் கொல்ல குளோரின் மிஞ்சாது. ஆகவேதான் குடிநீருக்கு எடுக்கும் ஆற்றுநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமே அதன் வரம்பு.

நம் வீட்டுக் கழிவுநீரிலும் அம்மோனியா உண்டு. அதை அகற்றுபவை நுண்ணுயிர்கள். ஒரு வகை, காற்றின் உதவியால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. காற்றில்லாத தொட்டியில் மற்றொரு வகை, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. முதல் வகைக்குக் குளிர் ஆகாது. வெப்பம் குறைந்தால் அதன் வளர்ச்சி தளர்ந்துவிடும். ஆனாலும் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில், பாறையைக் குடைந்து அமைத்த வீக்கின்மாகி நிலையம் கழிவுநீரின் நைட்ரஜனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அகற்றுகிறது.

நமக்கோ ஆண்டு முழுதும் வெப்பம் இலவசம். பிறகு எங்கே குறை? ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதைச் செலுத்தும் காற்றூதிகளுக்கு மின்சாரமும் பராமரிப்பும் தேவை. காற்று நின்றால் நுண்ணுயிர்களின் வேலையும் நின்றுவிடும். வீட்டோடு இருக்கும் தனி மலத்தொட்டியில் காற்றே கிடையாது; அம்மோனியா பெரும்பாலும் அப்படியே வெளியேறும்.

2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகள், ஆற்றில் விடும் புதிய நிலையங்களுக்கு அம்மோனியா நைட்ரஜன் வரம்பை லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்கின்றன. இது குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம். மற்ற இடங்களில் 20. சட்டம் இருக்கிறது. பழைய தொட்டிகளைப் பொதுக் கழிவுநீர்க் குழாயுடன் இணைப்பதும், நிலையங்களை முறையாக இயக்குவதும்தான் வேகம் பெற வேண்டும். அதற்கான செலவை வீண் என்று யாரும் ஒதுக்கக்கூடாது.

செலாயாங் மாணவர்களே, பத்துமலைப் பக்கம் ஓடும் சுங்கை பத்து, கோம்பாக் ஆற்றில் கலந்து கிள்ளான் ஆற்றைச் சேர்கிறது. உங்கள் வீட்டுக் கழிவுநீர் பொதுக் குழாய்க்குப் போகிறதா, தனித் தொட்டிக்கா? தொட்டி என்றால் கடைசியாக எப்போது கசடு அள்ளப்பட்டது? பெற்றோரிடம் இன்றே கேளுங்கள். பள்ளி அறிவியல் கழகம், ஆசிரியர் துணையோடு ஆற்றுநீரின் அம்மோனியாவை மாதந்தோறும் அளந்து பதிவு செய்யலாம். நகராண்மைக் கழகத்திடம் கேள்வி எழுப்பும்போது, கையில் எண்கள் இருக்கட்டும்.