பேச்சில் இல்லாத காலத்தைப் பிள்ளைக்கு ஏன் படிப்பிக்க வேண்டும்?

பிரான்ஸில் படிக்கும் நம் உறவுப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பாடக் கொப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மொழி படிப்பிப்பவர்கள் என்பதால் நாங்கள் அவற்றை விடாமல் புரட்டிப் பார்ப்போம். அப்போதெல்லாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். "இந்தப் பஸே ஸேம்ப்ளை வீட்டில் பேசுவதில்லை, கடையில் பேசுவதில்லை, கூட்டாளிமாரோடும் பேசுவதில்லை. பிறகு எதற்கு மனனம் செய்யச் சொல்கிறார்கள்?" வாப்பாமாரும் உம்மாமாரும் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. முடிந்துபோன ஒரு காரியத்தைச் சொல்ல பிரெஞ்சில் இரண்டு வழி உண்டு. ஒன்று பஸே கொம்போஸே. துணைவினை சேர்த்து இரண்டு சொல்லாக வருவது. பிறப்பில் நமது "வந்திருக்கிறான்" போன்றது. இன்று பேச்சில் "வந்தான்" என்பதற்கும் அதையேதான் சொல்கிறார்கள். மற்றது பஸே ஸேம்ப்ள். ஒரே சொல், விகுதி மட்டும் மாறும். இது பேச்சை விட்டுப் போய்ப் பல தலைமுறையாகிவிட்டது. நாவலிலும், சிறுவர் கதையிலும், வரலாற்று நூலிலும்தான் உயிரோடு இருக்கிறது.

பிள்ளைகள் பயப்படும் அளவுக்கு அதில் மலை ஒன்றும் இல்லை. "பேசினான்" என்றால் இல் பர்லா, "பேசினார்கள்" என்றால் இல் பர்லேர். வினைகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் விகுதிகள் நாலு உயிரோசைக்குள் அடங்கிவிடும்: ஆ, இ, யூ, வருதலும் பிடித்தலும் போன்ற சில வினைகளுக்கு மட்டும் மூக்கோசையான ஏன். சிக்கல் வேறு இடத்தில். "பார்த்தான்" என்பதற்கும் "வாழ்கிறான்" என்பதற்கும் எழுத்து ஒன்றே, இல் வி. "முடித்தான்", "முடிக்கிறான்" இரண்டும் இல் ஃபினி. "நான் பேசினேன்" என்பதை எழுதும்போது கடைசியில் ஒரு எஸ் எழுத்து கூடிவிட்டால் அது "பேசிக்கொண்டிருந்தேன்" ஆகிவிடும். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே இதில் தடுக்கி விழுகிறார்கள். அட்டவணையை மட்டும் மனனம் செய்த பிள்ளைக்கு இவற்றைப் பிரித்தறிய முடியாது. வசனத்தோடு வாசித்துப் பழகிய பிள்ளைக்கு முடியும்.

பிரான்ஸிலேயே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. 2016 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் படர்க்கை ஒருமை, பன்மை இரண்டையும் மட்டும் படிப்பித்தால் போதும் என்றது. "நான்", "நாம்", "நீர்" எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. கதைகளில் அதிகம் வருவது படர்க்கைதான் என்பது அவர்களின் நியாயம். எண்ணிக்கையில் அது சரி. "நாம் சாப்பிட்டோம்" என்பதை இந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொன்னால் இன்றைய பாரிஸ்காரருக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அந்த முடிவோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஜூல் வேர்னின் "கடலடியில் இருபதாயிரம் லீக்" என்ற நாவலை எடுங்கள். 1870ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. கதை சொல்பவர் பேராசிரியர் அரோனாக்ஸ். தானும் தன் இரண்டு தோழர்களும் நீர்மூழ்கிக் கப்பலில் பட்டதையெல்லாம் "நான்", "நாம்" என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். படர்க்கை மட்டும் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் முட்டி நிற்கும். அந்த வயதில்தானே அந்தப் புத்தகத்தை ஆசையோடு வாசிக்க வேண்டும்?

இதில் அடிபடப் போவது யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் அலுமாரி நிறையப் புத்தகம் உள்ள பிள்ளைக்குப் படுக்கும்போது தாயோ தகப்பனோ கதை வாசிப்பார்கள். காது வழியே இந்தக் காலம் தானாக ஏறிவிடும். ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்து, வேலைத்தலத்தில் கேட்ட பிரெஞ்சைக் கொண்டே குடும்பத்தை ஓட்டும் நம்மவரின் பிள்ளைக்கு அது கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை. வகுப்பறையும் பாதியைத்தான் கொடுக்கும் என்றால் மீதியை அந்தப் பிள்ளை யாரிடம் கேட்பது?

நமக்கு இது புதினமான விஷயமும் இல்லை. வீட்டில் "உம்மா வந்தாங்க" என்போம். புத்தகத்தில் "தாய் வந்தார்" என்றிருக்கும். வீட்டில் பேசாத தமிழ் என்பதற்காக ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு "வந்தான்", "வந்தார்கள்" இரண்டும் போதும், "வந்தாய்", "வந்தோம்" எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

சரி, புத்தகத்தையே இலகுவாக்கிவிடலாமே என்பார்கள். அதுவும் நடந்தது. நாம் சிறுவயதில் ஆங்கிலத்தில் வாசித்த ஈனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் கதைகள் பிரெஞ்சில் "க்ளப் தே ஸேங்க்" என்ற பெயரில் பிரபலம். புதிய பதிப்புகளில் பஸே ஸேம்ப்ளை எடுத்துவிட்டுக் கதையை நிகழ்காலத்துக்கு மாற்றினார்கள். வாசிப்பு இலகுவாகியிருக்கலாம். ஆனால் அடுத்த புத்தகத்துக்கு ஏறும் படியைக் கழற்றிவிட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

இந்தக் காலம் இல்லாமல் நல்ல இலக்கியமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கமுயூ 1942இல் வெளியிட்ட "அந்நியன்" நாவலைப் பெரும்பாலும் பேச்சு வழக்கின் பஸே கொம்போஸேயில்தான் எழுதினார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு போலத் தனித்து நிற்கிறது என்று சார்த்ர் அடுத்த ஆண்டே எழுதினார். ஆனால் நாவலில் வழக்கமாக வர வேண்டிய காலம் எது என்று தெரிந்தவனுக்குத்தான் அது வராததன் வெறுமை உறைக்கும். ஒரு காலத்தைத் தெரியாத பிள்ளைக்கு அது இல்லாததும் தெரியாது.

ஆகவே பாரிஸில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முழு அட்டவணையையும் ஒரே இரவில் ஒப்புவிக்கச் சொல்லிப் பிள்ளையை அழ வைக்காதீர்கள். நகர நூலகத்தில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கதையை முன்னுக்கு நகர்த்தும் வினை எது, பின்னணியைச் சொல்லிக்கொண்டு நிற்கும் வினை எது என்று பிள்ளையிடமே கேளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தது, கதவு திறந்தது. அந்தத் திறந்த கதவுதான் பஸே ஸேம்ப்ள். படர்க்கை வசப்பட்டதும் வேர்னிடம் போகலாம். "நான்", "நாம்" இரண்டையும் அரோனாக்ஸே படிப்பித்துவிடுவார்.