மொட்டையாக ஒரு எண்

சோலார் செல் என்றதுமே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை சதவீதம்? 1954ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வந்த சிலிக்கான் செல்லுக்குச் சுமார் 6. 2022ல் சீனாவின் லாங்கி நிறுவனம் காட்டியது 26.81. நல்லது. ஆனால் அந்தச் சதவீதத்துக்கு அடியில் இன்னொரு எண் இருக்கிறது. அதைச் சொல்கிறவர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள்!

வெளிச்சம் பட்டதும் சிலிக்கானுக்குள் எலக்ட்ரானும் துளையும் ஜோடியாகப் பிறக்கின்றன. மறுபடி சேர்ந்து அழிவதற்குள் வெளியே இழுத்தால்தான் மின்சாரம். அந்த அவகாசம்தான் ஆயுட்காலம். சுத்தமான சிலிக்கானில் மில்லி செகண்ட் கணக்கு. கொஞ்சம் இரும்பு கலந்தாலே மைக்ரோ செகண்டுக்கு இறங்கிவிடும்.

அளக்கவா வழியில்லை? 1996லேயே சின்டனும் க்யூவாஸும் அருமையான முறையைச் சொல்லிவிட்டார்கள். ஃபிளாஷ் விளக்கு மெல்ல அணையும்போது தகட்டின் கடத்துதிறன் எப்படிக் குறைகிறது என்று, தகட்டைத் தொடாமலே ஒரு கம்பிச்சுருள் பார்த்துக்கொள்ளும். கருவியில் குற்றமில்லை, அதன் எண்ணை எடுத்துச் சொல்வதில்தான் குற்றம்.

ஏனென்றால் ஆயுட்காலம் நிலையான எண்ணே அல்ல. உள்ளே எத்தனை எலக்ட்ரான்கள் கிளம்பியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறும். மங்கிய வெளிச்சத்தில் ஒன்று, பலத்த வெளிச்சத்தில் வேறொன்று. மேற்பரப்புக்குச் சரியான பூச்சு இல்லையென்றால், கருவி காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பின் குறையை. உள்ளிருக்கும் சிலிக்கானின் தரத்தை அல்ல. போரான் கலந்த சிலிக்கானோ வெயில் பட்டபின் தரம் இறங்கும் என்பது 1973லேயே தெரிந்த சேதி.

இத்தனையும் இருக்க, "ஆயுட்காலம் 2 மில்லி செகண்ட்" என்று மொட்டையாக எழுதினால் என்ன அர்த்தம்? "லாபம் 2 லட்சம்" என்பது போலத்தான். மாதத்துக்கா, வருடத்துக்கா? வரிக்கு முன்பா, பின்பா? எந்த ஆடிட்டராவது இதில் கையெழுத்துப் போடுவாரா?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் போதாதா என்பார்கள். ஒரே ஆலையில், ஒரே கருவியில், ஒரே நிலையில் என்றால் போதும். இரண்டு வியாபாரிகளின் தகடுகளை ஒப்பிட்டு விலை பேசும்போது போதவே போதாது. உயர்ந்த எண்ணுக்கு உயர்ந்த விலை கொடுத்தவர், செல் செய்து பார்த்தபிறகுதான் நஷ்டத்தை உணர்வார்.

எந்த முறை, எந்த ஊர்தி அடர்த்தி, என்ன பூச்சு, வெயிலுக்கு முன்பா பின்பா... நான்கே விவரம், ஒரே வரி. அதைக்கூட எழுத மறுக்கிறவரிடம் தகடு வாங்காமல் இருப்பதே நல்ல வியாபாரம்.