சாலை யாருடையது? பாரசீகம் எழுதிக் கொடுத்த உரிமைகளும் இன்றைய வழித்தடங்களும்

2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் அர்மீனியாவும் அஸர்பைஜானும் அமெரிக்காவின் முன்னிலையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அர்மீனியாவின் தென்கோடி வழியாக ஒரு போக்குவரத்து வழித்தடம் அமையும், அதை உருவாக்கும் உரிமையில் அமெரிக்காவுக்குப் பங்கு இருக்கும், அமெரிக்க அதிபரின் பெயரே அதற்குச் சூட்டப்படும் என்பது அதன் ஓர் அம்சம். அந்த வழித்தடம் ஈரானின் எல்லையை ஒட்டி, அரஸ் நதியோரமாகச் செல்கிறது. ஈரான் உடனே தன் கவலையை வெளியிட்டது.

ஒரு சாலை போடுவதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். இன்றைய அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீகம் தன் நிலத்தைப் போரில் இழந்தது ஒரு பாதி. மீதியைச் சாலை, ரயில், வங்கி, புகையிலை என்று கையெழுத்துப் போட்டு இழக்கப் பார்த்தது மறு பாதி. அந்த வரலாறு தெரிந்தால் இன்றைய செய்திகள் வேறு விதமாகப் புரியும்.

எல்லைகளை வரைந்தவர்கள்

வடக்கே ரஷ்யா, கிழக்கே பிரிட்டிஷ் இந்தியா. இந்த இரண்டுக்கும் நடுவில் கஜார் வம்சத்து மன்னர்களின் பாரசீகம். ரஷ்யாவுடன் நடந்த இரண்டு போர்களிலும் பாரசீகம் தோற்றது. 1813-ல் குலிஸ்தான் உடன்படிக்கை, 1828-ல் துர்க்மன்சாய் உடன்படிக்கை. காக்கேசியப் பகுதிகள் கைவிட்டுப் போயின. அரஸ் நதி எல்லையானது. போர் நட்டஈடாக 2 கோடி ரூபிள் கட்ட வேண்டி வந்தது. காஸ்பியன் கடலில் போர்க்கப்பல் வைக்கும் உரிமை ரஷ்யாவுக்கு மட்டும் என்றானது. இன்று செய்திகளில் அடிபடும் அந்த நதி எல்லை அன்று வரையப்பட்டதுதான்.

கிழக்கே ஹெராத் நகரைப் பாரசீகம் தனதென்றது. இந்தியாவின் வாசலுக்கு அருகே ரஷ்யாவின் செல்வாக்கு வந்துவிடும் என்று பிரிட்டன் அஞ்சியது. 1856-ல் பாரசீகப் படை ஹெராத்தைப் பிடித்தபோது, பம்பாயிலிருந்து கப்பலேறிய படை பூஷஹரில் இறங்கியது. 1857-ல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் பாரசீகம் ஹெராத்தின் மீதான உரிமையைக் கைவிட்டது. அந்தப் படையில் சென்றவர்களில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். இந்தியாவைக் காக்க என்று சொல்லி இந்தியர்களைக் கொண்டே நடத்திய போர் அது.

பிறகு கோல்ட்ஸ்மிட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்தார். 1871-ல் மக்ரான் எல்லையையும், 1872-ல் சீஸ்தான் எல்லையையும் அவர் தலைமையில் வகுத்தார்கள். சீஸ்தான் மக்களுக்கு உயிர் கொடுப்பது ஹெல்மந்த் நதி. அதன் மேல்பகுதி ஆப்கானிஸ்தானில், கீழ்ப்பகுதி இரு நாடுகளுக்கும் நடுவில். அந்தத் தண்ணீர்த் தகராறு இன்னும் ஓயவில்லை. 2023 மே மாதம் அந்த எல்லையில் ஈரானியக் காவலர்களும் தாலிபான் படையினரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அந்நியர் முன்னிலையில் வகுத்த எல்லையில் இரண்டு முஸ்லிம் நாடுகள் இன்றும் மோதிக்கொள்கின்றன.

'இம்தியாஸ்' என்ற பெயரில்

ஓர் அரசு தன் நாட்டின் சாலையையோ சுரங்கத்தையோ வியாபாரத்தையோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுப்பதைப் பாரசீகத்தில் 'இம்தியாஸ்' என்றார்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சூட்டும் அதே பெயர்தான். தனிச்சிறப்பு, தனியுரிமை என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். சிறப்பு வாங்கியவருக்குப் போனது, கொடுத்தவருக்கு இழப்பு மிஞ்சியது.

1872-ல் நாஸிருத்தீன் ஷா, செய்தி நிறுவனத்தால் புகழ்பெற்ற ஜூலியஸ் ராய்ட்டருக்கு ஓர் உரிமை அளித்தார். 70 ஆண்டுகளுக்கு ரயில் பாதை, பெரும்பாலான சுரங்கங்கள், காடுகள், நீர்ப்பாசனம். அத்துடன் சுங்க வருவாயை நிர்வகிக்கும் உரிமை. ஒரு நாட்டின் எதிர்காலத்தை ஒரே காகிதத்தில் தனி மனிதர் ஒருவரிடம் ஒப்படைத்ததைப் பார்த்து, பின்னாளில் இந்திய வைஸ்ராயாக வந்த கர்சனே தன் நூலில் வியந்து எழுதினார்.

உள்நாட்டில் முல்லா அலி கனி உள்ளிட்ட உலமாக்கள் எதிர்த்தார்கள். அரண்மனையில் பிரதமருக்கு வேண்டாதவர்களும் எதிர்த்தார்கள். ரஷ்யாவும் முகம் சுளித்தது. 1873-ல் ஷா அதை ரத்து செய்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ராய்ட்டர் பதினாறு ஆண்டுகள் விடாமல் உரிமை கோரினார். கடைசியில் 1889-ல் அதற்கு ஈடாக 'இம்பீரியல் பேங்க் ஆஃப் பெர்ஷியா' என்ற வங்கியைத் தொடங்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பாரசீகத்தின் பணத்தாள்களை அச்சிட்டு வெளியிடும் தனியுரிமையும் அந்த வங்கிக்கே போனது.

போட்ட சாலையும் போடவிடாத ரயிலும்

1888-ல் பிரிட்டனின் வற்புறுத்தலால் காரூன் நதியில் வெளிநாட்டு வணிகக் கப்பல்கள் செல்ல ஷா அனுமதி தந்தார். தெற்கிலிருந்து பிரிட்டிஷ் சரக்கு உள்ளே வர வழி திறந்தது. ரஷ்யா சும்மா இருக்கவில்லை. 1890-ல் ஒரு விசித்திரமான ஒப்பந்தத்தை வாங்கியது: பத்து ஆண்டுகளுக்குப் பாரசீகத்தில் யாரும் ரயில் பாதை போடக் கூடாது. பின்னர் அதை 1910 வரை நீட்டித்தார்கள்.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ரஷ்யா கேட்டது சாலை போடும் உரிமையை அல்ல, போடவிடாமல் தடுக்கும் உரிமையை. பாரசீகத்தில் ரயில் வந்தால் அது பிரிட்டிஷ் சரக்குக்கு உதவும் என்பது ரஷ்யாவின் பயம். வடக்கே ரயில் வந்தால் ரஷ்யப் படை இந்தியாவை நோக்கி வரும் என்பது பிரிட்டனின் பயம். இருவர் பயத்துக்கும் நடுவில் பாரசீக விவசாயி தன் தானியத்தைக் கழுதை முதுகிலும் ஒட்டக முதுகிலும் ஏற்றிக்கொண்டிருந்தார். இந்தியாவில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் ஓடிய அந்தக் காலத்தில், பாரசீகத்தில் பயணிகள் ரயில் என்று சொல்ல இருந்தது தெஹ்ரானிலிருந்து ஷா அப்துல் அழீம் தர்கா வரை சென்ற சில கிலோமீட்டர் பாதை மட்டுமே.

ரயில் இல்லாத நாட்டில் சாலைதான் அதிகாரம். 1893-ல் காஸ்பியன் துறைமுகமான அன்ஸலியிலிருந்து கஸ்வீன் வரை சாலை போட்டு, அதில் சுங்கக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ரஷ்யத் தரப்பு பெற்றது. பிறகு அது தெஹ்ரான் வரை நீண்டது. தெற்கே லிஞ்ச் சகோதரர்களின் பிரிட்டிஷ் நிறுவனம், பக்தியாரி இனத் தலைவர்களுடன் ஒப்பந்தம் செய்து, அஹ்வாஸிலிருந்து இஸ்ஃபஹானுக்கு மலைவழிப் பாதையையும் இரும்புப் பாலங்களையும் அமைத்தது. சரக்கு வேகமாக நகர்ந்தது, வியாபாரிகளுக்கு நன்மையும் கிடைத்தது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அன்ஸலி சாலையின் இன்னொரு பயன் பின்னர் தெரிந்தது. பாரசீக மக்கள் அரசியல் சாசனம் கேட்டுப் போராடிப் பெற்ற நாடாளுமன்றத்தின் காலத்தில், 1909-லும் 1911-லும், ரஷ்யப் படைகள் அன்ஸலியில் இறங்கி அந்தச் சாலை வழியாகவே கஸ்வீன் வரை வந்தன. 1911-ல் ரஷ்யாவின் இறுதி எச்சரிக்கையை அடுத்து அந்த நாடாளுமன்றமே மூடப்பட்டது. சரக்கு ஏறிய சாலையில் சிப்பாயும் ஏறி வந்தான்.

மறுத்ததற்கும் விலை

1890-ல் ஷா இன்னோர் உரிமையை விற்றார். புகையிலை வாங்குவது, விற்பது, ஏற்றுமதி செய்வது மூன்றையும் 50 ஆண்டுகளுக்கு டால்பட் என்ற ஆங்கிலேயரிடம் கொடுத்தார். ஆண்டுக்கு 15,000 பவுனும் இலாபத்தில் கால் பங்கும் விலை. விளைவித்தவன் தன் விளைச்சலை ஒரே கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும் என்றானது. ஷீராஸிலும் தப்ரீஸிலும் கடைவீதிகள் அடைக்கப்பட்டன. 1891 டிசம்பரில் சமர்ராவில் இருந்த முஜ்தஹித் மிர்ஸா ஹசன் ஷீராஸியின் பெயரில் புகையிலையைத் தடை செய்யும் ஃபத்வா வெளியானது. மக்கள் ஹுக்காவைக் கீழே வைத்தார்கள். அரண்மனைப் பெண்களும் வைத்தார்கள் என்பது அன்றைய பேச்சு. 1892 ஜனவரியில் ஷா பணிந்தார்.

இந்த வெற்றியைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கம்பெனிக்கு நட்டஈடு 5 லட்சம் பவுன். அது கஜானாவில் இல்லை. இம்பீரியல் வங்கியிடமே 6 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். பாரசீகம் பெரிய அளவில் அந்நியக் கடனில் நுழைந்தது அப்படித்தான். 1900-ல் ரஷ்யாவிடம் 2 கோடியே 25 லட்சம் ரூபிள் கடன் வாங்கி அந்தப் பழைய கடனை அடைத்தார்கள். அதற்கு ஈடாக ஃபார்ஸும் வளைகுடாத் துறைமுகங்களும் நீங்கலாக நாட்டின் சுங்க வருவாய் அடகானது. 1902-ல் மேலும் 1 கோடி ரூபிள். அத்துடன் ஜுல்ஃபாவிலிருந்து தப்ரீஸுக்குச் சாலை போடும் உரிமையும் ரஷ்யாவுக்குப் போனது. கடன் உரிமையைக் கேட்டது, உரிமை அடுத்த கடனைக் கேட்டது. புதிய மன்னர் முளஃப்பருத்தீன் ஷா ஐரோப்பியப் பயணங்களில் இந்தப் பணத்தின் ஒரு பகுதியைச் செலவழித்தார். 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டபோது, பாரசீகத்தைக் கேட்கக்கூட இல்லை.

இன்றைக்கு நாம் கேட்க வேண்டியவை

ஈரான் தன் தேசிய ரயிலைப் போட்டது 1927-க்கும் 1938-க்கும் இடையில். அந்நியக் கடன் இல்லை. தேயிலைக்கும் சர்க்கரைக்கும் போட்ட வரியே மூலதனம். ஏழையின் தேநீர்க் குவளையிலிருந்து வந்த பணம் அது. பெரும் சுமைதான். அதுவும் முழுப் பாதுகாப்பு தரவில்லை. 1941-ல் நேச நாடுகள் ஈரானை ஆக்கிரமித்து அந்த ரயிலைத் தங்கள் போருக்குப் பயன்படுத்தின. எனினும் போர் முடிந்து அவர்கள் வெளியேறியபின், எந்தக் கம்பெனியும் பத்திரத்தை நீட்டி அதைத் தனதென்று கேட்க வழியில்லை.

ஆகவே வெளிநாட்டு முதலீடு என்றாலே சதி என்பது நம் கருத்தல்ல. 2023 மே மாதம் ஈரான், ரஷ்யக் கடனுதவியுடன் ரஷ்திலிருந்து அஸ்தாராவுக்கு 162 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஒப்பந்தம் செய்தது. பழைய அன்ஸலி சாலை சென்றதும் இதே ரஷ்த் வழியாகத்தான். 2024 மே மாதம் நம் இந்தியாவும் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தை நடத்தப் பத்து ஆண்டு ஒப்பந்தம் பெற்றது. அங்கே உரிமை பெற்ற தரப்பு நாம். பிறரிடம் எதிர்பார்க்கும் நீதியை நாமும் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர்கள்.

எந்தச் சாலை ஒப்பந்தச் செய்தியைப் படித்தாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். எத்தனை ஆண்டுகளுக்கு? கட்டணம் யார் வசூலிப்பார்? முறிந்தால் நட்டஈடு யார் தலையில்? அந்தச் சாலையில் நாளை ஆயுதம் ஏறினால் தடுக்கும் அதிகாரம் யாரிடம்? எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போட்டவர் மக்களைக் கேட்டாரா?

கஜார் மன்னர்கள் இவற்றைக் கேட்கவில்லை. கேட்ட மக்களுக்கு அதிகாரம் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது. வீட்டுக் கடனுக்கு அப்படியென்றால், நாட்டையே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு மக்கள் அனைவரும் சாட்சியாக நிற்க வேண்டாமா?