மீன் குழம்புக்கும் வைன் உண்டு

பாரிஸில் குடியேறிய புதுச்சேரிக்காரி நான். நம் சாப்பாட்டுக்கு வைன் ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தவறு குழம்பில் இல்லை, எடுக்கிற பாட்டிலில். விலையுயர்ந்த போர்தோ சிவப்பு வைனை மீன் குழம்போடு குடித்தால் காரத்தில் அதன் துவர்ப்பு கூடி நாக்கு கடுக்கும். மீனோடு இரும்பு வாடையும் அடிக்கும்.

அதற்குப் பதிலாக அல்சாஸ் வட்டாரத்து வெள்ளை வைனான கெவுர்ஸ்திராமினர் வாங்குங்கள், கொஞ்சம் இனிப்பானதாக. மூக்கருகே கொண்டுபோனதுமே லிச்சிப் பழமும் பன்னீர் ரோஜாவும் மணக்கும். முதல் மடக்கிலேயே மிளகாயின் எரிச்சல் தணியும், புளியின் ருசி மட்டும் அடிநாக்கில் நிற்கும்.

சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றால் எனக்கு போஜொலே சிவப்பு வைன் போதும். அதைச் செய்யும் காமே திராட்சையில் துவர்ப்பு குறைவு. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சாதாரண தண்ணீர் டம்ளரிலேயே ஊற்றிக்கொள்கிறேன்.