கண்டன்சர் கடிக்கும்!

வைத்திக்குப்பத்தில் டி.வி. போர்டு ரிப்பேர் செய்யும் நண்பர், தொழில் ரகசியங்களைத் தமிழில் புத்தகமாக எழுதுகிறார். படித்துப் பார்க்கச் சொன்னார்.

முதல் அத்தியாயமே கடல்தான். உப்புக்காற்றில் போர்டில் பச்சை படர்ந்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்; உப்பின கண்டன்சர், டிரை சோல்டர் இருக்கிறதா பார்; மீட்டரை அப்புறம் எடு. ‘பாதி கேஸ் கண்ணாலயே முடிஞ்சிடும் சார்!’

தகராறு இரண்டாம் அத்தியாயத்தில். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், பவர் சப்ளைக்குள் டி.சி.யாகி, பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட்டாக உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் சில சமயம் போகாது. இதற்கு நண்பர் அகராதி பார்த்து, ‘மின்தேக்கியை மின்னிறக்கம் செய்க’ என்று எழுதியிருந்தார்.

கடைப் பையனிடம் படித்துக் காட்டினேன். “இன்னாண்ணே அது?” என்றபடியே, அப்போதுதான் பிளக் பிடுங்கிய போர்டில் கை வைக்கப் போனான். நண்பர் பாய்ந்து தட்டிவிட்டார். மூவருக்கும் வியர்த்துவிட்டது.

சுஜாதா ‘சிலிக்கன் சில்லு’ என்று எழுதினார், ரசித்தோம். அதைப் படிக்கிறவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

இப்போது அந்த வரி: ‘பெரிய கண்டன்சர்ல கரண்ட் நிக்கும். பிளக்கைப் பிடுங்கு. ரெசிஸ்டர் வெச்சு இறக்கு. மீட்டர்ல பாத்துட்டுத் தொடு.’

பதிப்பாளர் ‘கொச்சை’ என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறார். நண்பர் திருத்துவதாக இல்லை.